கோல் கடைந்தவரும் கோல் கேட்டவரும்

மகாவலி கங்கை கண்டி நகரை வளைத்துச் சென்று, கீழ்த்திசையிலே தும்பறைப் பள்ளத்தாக்கினுள் இறங்கும் வழியில் அமைந்துள்ளது குண்டசாலை. 1707 முதல் 1739 வரை கண்டிச் சிங்காசனத்தில் வீற்றிருந்த வீரபராக்கிரம நரேந்திரசிங்கன், தலைநகர் அரண்மனையைக் காட்டிலும் இந்த ஆற்றங்கரையையே பெரிதும் விரும்பினான். இங்கே ஒரு மாளிகை எடுப்பித்து வாழ்ந்தமையால் மக்கள் அவனைக் குண்டசாலை அரசன் என்றே வழங்கினர். அவனுக்குப் பின் அரசுரிமை, மதுரையிலிருந்து வந்த அவன் அரசியின் உடன்பிறந்தானுக்குச் சென்றது. கண்டியின் நாயக்கர் ஆட்சி அவ்வாறு தொடங்கியது என்பதை நேயர்கள் அறிவர். குண்டசாலை மாளிகை அழிந்துபோயிற்று. அரசர் பெயரும் ஏட்டளவில் நின்றது. ஆனால் அம்மாளிகைக்கும் தலைநகருக்கும் வேண்டிய பொருள்களைச் செய்து கொடுத்த கைகளின் வழித்தோன்றல்கள் அவ்வட்டாரத்தை விட்டு முற்றாக நீங்கிவிடவில்லை.

குண்டசாலையைச் சூழ்ந்த ஊர்களின் பெயரைச் சொன்னாலே ஒவ்வொரு கைத்தொழிலின் பெயரையும் உடன் சொன்னதாகும். ஹேனவலை என்றால் நாரினால் நெய்யப்படும் தும்பறைப் பாய். தெகல்தொருவை என்றால் கீர்த்திசிறீ இராசசிங்கன் காலத்தில் தொடங்கிய குகைக் கோயிலும் அதன் சுவரோவியங்களும். நத்தரம்பொத்தை என்றால் பித்தளையும் வெள்ளியும். ஹூரிகடுவை என்றால் அரக்குக் கடைசல். இவற்றுள் கடைசைலைப் பற்றியே இங்கே சிறப்பாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நீண்டு, உருண்டு, கைக்கு அடங்கி, வளையாது நிற்கும் கோல் ஒன்றைச் செய்து தருவதே கடைசற்காரரின் பழந்தொழில். கண்டி நாட்டிலே அரக்குக் கடைசல் செய்வோருக்கு 'ஈ வடுவோ' என்ற பெயருண்டு. 'ஈ' என்பது சிங்களத்தில் அம்பு. அம்பு கடைந்தவர், பின்னர் ஈட்டிக் காம்பு கடைந்தார், கொடிக்கம்பு கடைந்தார், பெரகராவிலே தலைவர்களுக்கும் தெய்வச் சின்னங்களுக்கும் பக்கத்தில் ஏந்திச் செல்லப்படும் 'சேசத்' என்னும் வட்ட விசிறியின் நெடுங்காம்பு கடைந்தார், முதியவர் ஊன்றும் கைத்தடி கடைந்தார்.

மேலை நாட்டிலே கோல் கடைவோருக்கு இன்று பெரும்பாலும் பில்லியட் ஆட்டக்காரரே வாடிக்கையாளர். அவர் வந்து நிற்கும்போதே, இத்தனை அங்குல நீளம், இத்தனை அவுன்சு நிறை, நுனி இத்தனை மில்லிமீற்றர், அடியில் இன்ன மரம், என் பெயரின் முதலெழுத்து இன்ன இடத்தில் என்று ஒரு பட்டியலோடு வருகிறார். அதைக் கேட்டுக்கொண்டு, எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று தீர்மானிப்பது கோல் செய்பவரின் தொழிலிலே பாதி. இந்தப் பாதியைக் கண்டிக் கைவினைஞர் எவ்வாறு நடத்தினர் என்பது சுவையான வரலாறு. கேட்பவர் யார், கேட்கும் உரிமை எவ்வளவு, செய்பவர் மறுக்கும் உரிமை எவ்வளவு என்ற மூன்றும் காலந்தோறும் இடம் மாறிய வரலாறு அது.

முதலில் தொழிலைப் பார்ப்போம். பழைய கடைசற்பட்டறையிலே மரக்கட்டை இரு முளைகளுக்கு இடையே கிடையாகப் பொருத்தப்படும். உடனாள் ஒருவர் அதைச் சுற்றிய வாரை முன்னும் பின்னுமாக இழுக்க, கட்டை ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் சுழலும். கடைபவர் உளியை அது தம்மை நோக்கிச் சுழலும்போது மட்டும் தொடுத்து, மறுசுழற்சியில் விலக்குவார். இழுப்பவர் கையும் கடைபவர் கையும் ஒத்துப்போகாவிட்டால் கோலில் படிபடியாகத் தழும்பு விழும். உருவம் வந்தபின், நிறமூட்டிய அரக்குக் கட்டியைச் சுழலும் மரத்தில் அழுத்துவர். உராய்வின் வெப்பத்தால் அரக்கு இளகி மரத்தில் பரவும்; ஓலையால் அழுத்தித் தேய்க்க அது கண்ணாடிபோல் மின்னும். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை என்று வளையம் வளையமாக நிறம் ஏறும். மாத்தளைப் பக்கத்து ஹப்புவிடையில் மற்றொரு முறை உண்டு: அரக்கைச் சூடாக்கி நூல்போல இழுத்து, மரத்தின்மீது ஒட்டிப் பெருவிரல் நகத்தினால் நறுக்கிக் கோலம் வரைவது. நகத்தினால் செய்வதால் அதற்கு 'நியபொத்து' வேலை என்று பெயர். தமிழ்நாட்டிலே அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களைக் கண்டவர்கள், மரமும் அரக்கும் சுழற்சியில் கூடும் இந்த வித்தையை உடனே அடையாளம் காண்பர்.

இத்தகைய வேலையை ஒருவர் தமக்கென்று கேட்டுப் பெறுவது கண்டி நாட்டில் எப்படி இருந்தது? அதற்கு நேரிற் கண்ட சாட்சி ஒருவர் உண்டு. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், தப்பிச் சென்று 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலிலே, கடைசற்காரரை அல்ல, கொல்லரைப் பற்றி எழுதியுள்ள பகுதி எவரையும் புன்முறுவல் கொள்ளச் செய்யும். ஒவ்வொரு கொல்லருக்கும் இன்ன ஊர்கள் என்று உரிமை இருந்தது. அவ்வூரார் வேறொரு கொல்லரிடம் போக முடியாது. வழக்கமான வேலைகளுக்கு அறுவடைக் காலத்தில் நெல் அளந்து விடுவர். வழக்கத்துக்குப் புறம்பான வேலை வேண்டுமாயின், கேட்பவரே இரும்பும் கரியும் கொண்டுவர வேண்டும். அதோடு கொல்லருக்கு வேறாக வெகுமதியும் வேண்டும்.

அவ்வளவோடு முடியவில்லை. கொல்லர் முக்காலியில் கம்பீரமாக அமர்ந்திருப்பார். துருத்தி ஊதுபவர், வேலை கொடுக்க வந்தவர். பெரிய சம்மட்டியால் அடிப்பவரும் வேலை கொடுக்க வந்தவரே. கொல்லர் இரும்பைப் பிடித்துக்கொண்டு, சிறு சுத்தியலால் இடையிடையே ஒரு தட்டுத் தட்டி உருவை நேர்ப்படுத்துவார். தேய்க்க வேண்டிய பொருளானால், வந்தவரே கல்லில் தீட்டிவிட்டு வரவேண்டும்; கடைசி அரத்தேய்ப்பு மட்டும் கொல்லருடையது. நொக்ஸ் இதனைக் கொல்லரின் செருக்கு என்று எண்ணியதாகவே தோன்றுகிறது. வேறு போக்கிடம் இல்லாத வாடிக்கையாளர் என்பதே அச்செருக்குக்குக் காரணம் என்று அவர் விளக்குகிறார். அவர் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அவர் வருணித்த காட்சியை இன்னொரு கண்ணாலும் பார்க்கலாம். தன் கத்திக்குத் தானே துருத்தி ஊதியவனுக்கு, தான் கேட்டது எவ்வளவு உழைப்பு என்பது தோள் வலியாகவே தெரிந்திருக்கும். கூடக்குறையக் கேட்கும் ஆசை சம்மட்டி ஓங்கும்போதே அடங்கியிருக்கும். கேட்பவருக்கும் செய்பவருக்கும் இடையே இன்று எழும் வழக்குகளிற் பாதி, கேட்பவர் பட்டறையைக் காணாததால் எழுவது.

நொக்ஸ் கூறும் பிரிவினை இங்கே மனங்கொள்ளத்தக்கது. வழமை வேலைக்கு விலை பேசுவதில்லை. அது நெல்லோடு அடங்கியது. கேட்டுச் செய்விக்கும் வேலைக்கே பொருளும் வெகுமதியும் தனி. புத்தர் சிலைகளைப் பற்றி அவர் எழுதியதும் இதே முறையைச் சேர்ந்தது. கண் எழுதப்படும் வரை அச்சிலை பட்டறையில் கிடக்கும் வெறும் உலோகம். கண் எழுதும் சடங்கு முடிந்த பின்னரே அது வணக்கத்துக்குரிய திருவுரு. ஆதலால் சிலைக்குப் பேசிய கூலி வேறு, கண் திறத்தலுக்குக் கொடுக்கும் பரிசில் வேறு. நமது கோயில்களிலும் சிற்பாசாரியார் கண் திறக்கும் நாளில் தனி மரியாதை பெறுவதைக் கண்டவர்களுக்கு இது புதுமையன்று.

இனி, எதையும் கேட்டுவிடலாம் என்ற உரிமை அன்று எவருக்கும் இருக்கவில்லை. கூரைக்கு ஓடு வேயவும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் அரசன் அனுமதி வேண்டிய நாடு அது. ஒருவன் தோளில் போடும் துணியும் ஏந்தும் சின்னமும் அவன் நிலைக்கு ஏற்ப வரையறுக்கப்பட்டிருந்தன. ஆகவே கடைசற்காரரிடம் கோல் கேட்டு வருபவர் தம் விருப்பத்தைச் சொல்வதற்கு முன் தம் பதவியைச் சொன்னாற் போதும். நீளமும் நிறமும் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். புத்தர் திருவுருவத்துக்கோ 'சாரிபுத்ர' என்னும் வடமொழி அளவு நூல் வழிகாட்டியது. முகத்தின் அளவு இவ்வளவு எனின் உடலின் ஏனைய அளவுகள் இவ்வளவு என்று விதிக்கப்பட்டிருக்க, கொடையாளர் எவ்வளவு பொன் கொடுத்தாலும் மூக்கைச் சற்று நீட்டச் சொல்ல முடியாது.

அப்படியானால் கைவினைஞருக்குச் சொந்தக் கருத்துக்கு இடமில்லையா என்ற ஐயம் எழும். தெகல்தொருவைக் குகையின் கூரையைப் பார்த்தவருக்கு அந்த ஐயம் எழாது. மாரனின் படை புத்தரைச் சூழ்ந்துவரும் காட்சி அங்கே விதானம் முழுவதும் விரிகிறது. சுவர்களிலே வெஸ்ஸந்தர சாதகமும் சுத்தசோம சாதகமும் நீண்ட பட்டிகளாக ஓடுகின்றன. எந்தக் கதை என்பது மரபு விதித்தது. ஆனால் கதையின் மாந்தர் உடுத்திருப்பதும் வீடுகள் அமைந்திருப்பதும் ஓவியர் கண்ட கண்டி நாடு. தேவரகம்பொலை சில்வத்தென்ன உன்னான்சே என்பவர் அவ்வோவியருள் தலையாயவராகப் பெயர் குறிக்கப்படுகிறார். சங்கத்திலே முழுமையாகத் துறவுபூணாத சில்வத் நிலையினர் அவர். கொடுத்தவர் அரசர், கேட்டது கோயில், எழுதியதோ அவர் கண்ட உலகம்.

அரசனுக்கென்று நான்கு பட்டறைகள் இருந்தன. 'பட்டல் ஹதர' என்று அவற்றைக் கூறுவர். சிங்களத்துப் 'பட்டல்' தமிழ்ப் பட்டறையை நினைவூட்டும் சொல். பொன்வாள், ஆபரணம், சிங்காசனம், முடி என நான்கு பெயர் தாங்கிய அப்பட்டறைகளில் இடம்பெறுவதே கைவினைஞர்க்குப் பெரும் பேறு. தலைமை ஆசாரி மூலாசாரி எனப்பட்டார். ஊதியம் காசாக வரவில்லை, நிலமாக வந்தது. அந்நிலத்தை உழுதுண்ணும் காலமெல்லாம் அதற்குரிய வேலையைச் செய்து கொடுக்க வேண்டும். இராசகாரியம் என்று வழங்கியது அதுவே. கோயில் நிலங்களிலும் இதே ஒழுங்கு. புத்தாண்டு பிறந்தால் கொல்லர் ஒரு பாக்குவெட்டியும், கடைசற்காரர் அரக்கேற்றிய ஒரு கைத்தடியும் என்றவாறு, தத்தம் தொழிலுக்குரிய பொருளைத் தலைவருக்குக் கையுறையாகக் கொண்டு சென்றனர். அந்தக் கைத்தடிக்கு யாரும் அளவு சொல்லவில்லை. கேளாமற் செய்த வேலை அது. ஆனால் கொடுப்பவர் தமது தேர்ச்சி முழுவதையும் அதிலே காட்டியிருப்பார் என்று எண்ணுவதில் தவறில்லை. அடுத்த ஆண்டின் மதிப்பு அதிலே அல்லவா இருந்தது!

1815 இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்தினின்று மக்கள் விடுபட்டது நன்மையே, அதில் ஐயமில்லை. ஆனால் கைவினைஞர் மட்டில் அந்த நன்மைக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. அரசன் இல்லை, ஆகவே அரச பட்டறை இல்லை. கோயில் நிலத்துக்குரிய ஊழியம் நீடித்தது. அதனையும் 1870 இன் சட்டம் பணமாகக் கட்டித் தீர்க்க வழிசெய்தது. பிரதானிகளின் வீடுகளிலே ஐரோப்பிய நாற்காலியும் கண்ணாடி விளக்கும் புகுந்தன. இதுவரை கடைசற்காரரிடம் வந்து நின்றவர் இப்பொழுது கொழும்புக் கடைக்குப் போனார்.

அந்நாளில் மலைநாட்டுக்கு வந்த தோட்டத் துரைமாரோடு பில்லியட் மேசையும் வந்தது. இங்கிலாந்திலே 1799 இல் தளபாடத் தொழிலாகத் தொடங்கிய தேர்ஸ்ரன் நிறுவனமும், 1836 இல் எழுந்த பரோஸ் அன்ட் வொட்ஸ் நிறுவனமும் குடியேற்ற நாடுகளெங்கும் மேசைகளையும் கோல்களையும் அனுப்பின. 1875 இல் சபல்பூரிலே ஆங்கிலப் படையதிகாரி நெவில் சேம்பர்லேன் வகுத்த புதிய ஆட்டமான சினூக்கர், பின்னர் நமது உதகமண்டலத்துக் கழகத்திலே விதிகள் பெற்று நிலைத்தது. தோடைப்பழம் போன்ற உருண்டைகளைக் கோலால் தள்ளும் இவ்விளையாட்டு, தோற்றத்தில் எளிது. ஆனால் அந்தக் கோலின் வரலாறு எளிதன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங்கோ என்னும் பிரெஞ்சுப் படைத்தலைவர் கோலின் நுனிக்குத் தோல் ஒட்டிப் பார்த்தார். அதன்பின்னரே பந்தை விரும்பிய பக்கம் சுழற்ற முடிந்தது. நுனிக்குத் தோல் வந்தபின் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தம் கைக்கென்று ஒரு கோல் தேடலாயினர்.

இங்கேதான் இலங்கை இக்கதையில் நேரடியாக நுழைகிறது. இங்கிலாந்துக் கோலின் மேற்பகுதி பெரும்பாலும் ஆஷ் மரம். அதன் அடிப்பகுதிக்கு நிறையும் அழகும் தர, கருங்காலியைக் கூர்முனைகளாகச் செதுக்கி ஆஷ் மரத்தோடு பிணைப்பர். நால்முனைகளும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று ஓர் இழை தாழ்ந்தாலும் பார்ப்பவர் கண் அங்கேயே போய் நிற்கும். உலகத்துக் கருங்காலிகளுள் முற்றக் கறுத்து, எண்ணெயிட்டாற்போல மெருகேறுவது என்று புகழ்பெற்றது இலங்கையினதும் தென்னிந்தியாவினதும் கருங்காலி. ஒல்லாந்தர் காலத்துக் கட்டில்களும் நாற்காலிகளும் அதனாலாயவை. இன்று இலங்கையில் அம்மரத்தை வெட்டுதற்குக் கடுமையான சட்டத்தடை உண்டு. கோல் செய்வோர் ஆபிரிக்கக் கருங்காலியையோ வேறு மரங்களையோ நாடுகின்றனர்.

பில்லியட் கோல் செய்பவர் தம்மிடம் வரும் கோரிக்கைகளைக் கையாளும் முறையைச் சற்று விரிவாகக் காண்பது பொருத்தம். நீளம் எளிது. சினூக்கர்க் கோல் வழக்கமாக 57 அல்லது 58 அங்குலம். விதிப்படி மூன்று அடிக்குக் குறையலாகாது, அவ்வளவே. நிறை 16 முதல் 20 அவுன்சு வரை. குறைந்தால் அடிப்பகுதியைத் துளைத்து ஈயம் இடலாம். ஆனால் ஈயம் இட்ட இடத்தைப் பொறுத்துக் கோலின் சமநிலைப் புள்ளி மாறும். நிறையையும் சமநிலையையும் ஒருங்கே கேட்பவருக்கு, மரத்தின் இயற்கை நிறை ஒத்துவராவிட்டால், இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்க முடியும் என்று முதலிலேயே சொல்லிவிடுவர் நல்ல தொழிலாளர். விறைப்பு இன்னும் கடினம். ஒரே மரத்தில் அறுத்த இரு கோல்கள் ஒரே விறைப்பாக இரா. ஆதலால் விறைப்பான கோல் வேண்டும் என்பவரிடம் அளவு கேட்பதில் பயனில்லை. ஆயத்தமாயுள்ள பத்துக் கோல்களைக் கையிற் கொடுத்து, எது பிடித்தது என்று கேட்பதே வழி.

இங்கிலாந்துத் தொழிலாளர் கோலைப் பெரும்பாலும் கைச் சீவுளியால் இழைக்கின்றனர். அமெரிக்கப் பூல் கோல் செய்வோர் மேப்பிள் மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் கடைகின்றனர். கடைபவர் ஒரே முறையில் கடைந்து முடிப்பதில்லை. சிறிது கடைந்து, மாதக்கணக்கில் தொங்கவிட்டு, மரம் தன் விருப்பம்போல வளைந்து தீர்ந்தபின் மறுபடி கடைவர். அவசரமாகக் கேட்பவருக்கு இந்த இடத்தில்தான் மறுமொழி கடுமையாக வரும். 1959 முதல் தம் மறைவு ஆண்டாகிய 1975 வரை நியூயோர்க்கிலே கோல் செய்த, உருசியாவிற் பிறந்த ஜோர்ஜ் பாலபுஷ்காவின் கோல்கள் இன்று பெருவிலை பெறுகின்றன. அவர் அடிப்பகுதி மரத்தை வேறு தொழிலாளரிடம் வாங்கினார். தம் கையால் செய்தது பொருத்து, சமநிலை, மெருகு. எதைத் தாம் செய்வது, எதைப் பிறரிடம் பெறுவது என்பதை அறிந்திருந்தார் என்க.

அலங்காரக் கோரிக்கை மற்றொரு வகை. யானைத் தந்தம் பதிக்கச் சொல்லி ஒருகாலத்தில் எங்கும் கேட்டனர். கண்டியிலும் தந்தம் கடைவது உயர்ந்த கலையாக இருந்தது. தந்தத்தின் அனைத்துலக வணிகத்தைத் தடைசெய்யும் முடிவு 1989 இல் எடுக்கப்பட்டபின், கண்டி ஆசாரியும் சிக்காகோக் கோல்காரரும் ஒரே கோரிக்கைக்கு ஒரே மறுப்பைச் சொல்ல வேண்டியவராயினர். அரசன் விதித்த எல்லை போய், நாடுகள் கூடி விதித்த எல்லை வந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கேட்பவரும் செய்பவரும் ஒருவரையொருவர் உயர்த்திய நிகழ்ச்சி ஒன்று தமிழ்நாட்டிலே, அதுவும் கடைசல் தொழிலிலேயே நிகழ்ந்தது. கும்பகோணத்துக்கு அணித்தான நரசிங்கன்பேட்டை நாகசுரம் கடையும் ஊர். பழைய வீடுகளின் தூணிலும் உத்தரத்திலும் பல்லாண்டு இருந்து இறுகிய ஆச்சா மரமே அதற்கு வேண்டும். நாகசுரச் சக்கரவர்த்தி டி. என். ராஜரத்தினம் பிள்ளை, வழக்கிலிருந்த திமிரி நாகசுரத்தின் உச்ச சுருதியில் மனநிறைவு கொள்ளவில்லை. சுருதி தாழ்ந்த, நீண்ட கருவியிலோ சுத்த மத்திமம் செவ்வையாக ஒலிக்கவில்லை. அக்குறையை நீக்கித் தருமாறு அவர் கேட்டது, அவ்வூர் ரங்கநாதன் ஆசாரியிடம். இது அங்குலத்திலும் அவுன்சிலும் சொல்லக்கூடிய கோரிக்கையன்று. ஒரு செவி கேட்க விரும்பிய ஒலியை ஒரு கை மரத்திலே தேட வேண்டும். துளையின் இடத்தையும் உட்குழலின் அளவையும் மாற்றி மாற்றிச் செய்து, ஆசாரியார் பாரி நாகசுரத்தைச் செம்மைப்படுத்திக் கொடுத்தார். ராஜரத்தினம் பிள்ளை 1956 இல் மறைந்தார். அவர் கேட்டுப் பெற்ற கருவியோ, பின்வந்தோர் எல்லோருக்கும் பொதுக் கருவியாயிற்று. ஒருவருக்கென்று செய்தது ஊருக்கென்று ஆவது இப்படித்தான்.

கண்டிக்கு மீள்வோம். கைவினைஞரிடம் கேட்பார் அற்றுப்போனதைக் கண்டு, 1882 இல் கண்டியக் கலைச் சங்கம் நிறுவப்பெற்றது. வேலை கொடுப்பதும், செய்ததை விற்றுக் கொடுப்பதும் அதன் நோக்கம். இதனால் பல குடும்பங்கள் தொழிலைக் கைவிடாது காத்தன. ஆனால் இப்பொழுது கேட்டவர் கப்பலில் வந்து இரண்டு நாள் தங்கிப் போகும் பயணி. அவர் பெரகராவில் காம்பு ஏந்தப்போவதில்லை. பெட்டிக்குள் அடங்கும் பொருளையே வேண்டினார். ஆறடிக் காம்பு கடைந்த கை, காகிதம் வெட்டும் கத்திக்குப் பிடி கடைந்தது.

கொழும்பிலே 1877 இல் தமிழறிஞர் சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகப் பிறந்து, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராகப் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி, பாறைகளைத் தேடி மலைநாட்டு ஊர்களில் நடந்தபோது கண்டது இந்த நிலையைத்தான். கல்லை ஆராய வந்தவர் கைகளை ஆராயத் தொடங்கினார். துணைவியார் எதெல் நிழற்படம் எடுத்துதவினார். ஆசாரிமாரிடம் சொற்களையும் அளவுகளையும் கேட்டுக் குறித்து, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908 இல் வெளியிட்டார். வில்லியம் மொரிஸ் ஒருகாலத்தில் பயன்படுத்திய அச்சுப்பொறியில், தமது மேற்பார்வையிலே, 425 படிகள் மட்டும் அச்சிட்டார். நூலின் வடிவமே ஒரு கைவினைப் பொருளாக அமைந்தது.

அவர் கருத்துச் சுருக்கமானது, கசப்பானது. கைவினைஞர் கைத்திறம் குன்றியதால் கலை குன்றவில்லை. கேட்பவருடைய சுவை குன்றியதால் கலை குன்றியது. பிரதானிகள் தம் வீட்டு ஆசாரியை மறந்து இறக்குமதிப் பொருளுக்கு மயங்கினர் என்று அவர் வருந்தினார். இக்கருத்தை முழுதாக ஏற்பதில் ஒரு தயக்கம் உண்டு. பழைய முறையில் கைவினைஞருக்கு நிலமிருந்தது, மதிப்பிருந்தது. ஆனால் நிலத்தோடு கட்டுண்ட கடமையும் இருந்தது, பிறப்பால் வகுத்த படிநிலையும் இருந்தது. வேண்டாத தலைவருக்கு வேலை செய்ய மறுக்கும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. குமாரசுவாமியின் கண் அழகிலே நிலைத்தது. அந்த நிழலை அவர் அழுத்திக் காட்டவில்லை. ஆயினும், நல்ல கைவினைக்கு நல்ல வாடிக்கையாளர் வேண்டும் என்று அவர் கூறியதை நரசிங்கன்பேட்டை நாகசுரமும் மெய்ப்பிக்கின்றது.

விடுதலைக்குப் பின் அரசே வாடிக்கையாளர் ஆயிற்று. கைப்பணிப் பொருள்களை விற்க 1964 இல் லக்சல நிறுவப்பட்டது. பின்னர்த் தேசிய அருங்கலைகள் பேரவை தோன்றியது. குண்டசாலையின் நத்தரம்பொத்தையிலே கலாபுர என்னும் கைவினைஞர் குடியிருப்பு அமைந்தது. பித்தளை, வெள்ளி, மரம் எனப் பல தொழிலாளர் அங்கே வீட்டையும் பட்டறையையும் அருகருகே வைத்து வேலை செய்கின்றனர். வாரிழுத்த இடத்தில் மின்சார இயந்திரம் சுழல்கிறது. அது ஒரே திசையில் ஓயாது சுழல்வதால், உளியை எடுத்து எடுத்துத் தொடும் பழைய தாளம் போயிற்று, தழும்பும் போயிற்று.

கேட்கும் முறையும் மாறியது. முன்னே வெற்றிலை கொண்டு வந்து கேட்டனர். இன்று கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டிக் கேட்கின்றனர். படத்தில் நிறை தெரியாது, மரம் தெரியாது, பின்பக்கமும் தெரியாது. ஆகவே அனுபவமுள்ளவர் படத்தைப் பார்த்ததும் சிறு மாதிரி ஒன்றைக் கையிற் கொடுக்கிறார். முற்பணம் மாதிரி ஒப்பானபின். கைத்தடி கேட்பவரை நிமிர்ந்து நிற்கச் செய்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, தரையிலிருந்து மணிக்கட்டு வரை அளவெடுப்பதே சரியான முறை. அணிந்துவந்த பாதணியோடு அளப்பதா, வெறுங்காலோடு அளப்பதா என்பதையும் கேட்டே அளக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உயரத்தை மட்டும் எழுதி அனுப்புபவருக்கு ஒன்றிரண்டு அங்குலம் கூட்டியே கடைவது பாதுகாப்பு. கூடினால் அறுக்கலாம், குறைந்தால் விறகு.

இலங்கையிலே பில்லியட் கோலைப் பிடித்த கைகளுள் ஒன்று உலகப் புகழ் பெற்றது. 1973 இல் பம்பாயிலே நடந்த அமெச்சூர் உலகப் பில்லியட் போட்டியில் கொழும்பைச் சேர்ந்த எம். ஜே. எம். லாபீர் வாகை சூடினார். அவருக்கு முன்னர் 1958 இலும் 1964 இலும் இந்தியாவின் வில்சன் ஜோன்ஸ் அதே பட்டத்தை வென்றிருந்தார். துரைமார் கழகத்துக்குள் மட்டும் இருந்த கோல், நம்மவர் கையிலே அவ்வளவு தூரம் வந்துவிட்டது.

ஆடி மாதத்திலே கண்டிப் பெரகரா புறப்படும்போது சேசத்தும் கொடியும் ஈட்டியும் முன்செல்கின்றன. அவற்றின் காம்புகளில் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக அரக்கு வளையங்கள் பந்த ஒளியில் மின்னுகின்றன. வெயிலிலும் கைவியர்வையிலும் அரக்கு மங்கினால், காம்பைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிப் பழைய அரக்கின்மீதே புதிய அரக்கைச் சூட்டில் ஏற்றிவிடலாம். அப்பொழுது கேட்பவர் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. முன்னிருந்த வளையங்களே கடைபவருக்கு அளவைச் சொல்லிவிடும்.